நேராக உறைந்த நீர்

திங்கள், காலை 9.10. ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் மோராக் கில்லிஸின் ஐந்தாண்டு முனைவர் பட்ட ஆய்வு செத்துக் கிடந்தது.

லாப்ரடார் கடலில் அள்ளி உறையவைத்த இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள். போன வாரம் இருபதை உருக்கிச் சோதித்தாள், எண்கள் தாறுமாறாக வந்தன.

"கப்பல்லயே கோட்டை விட்டுட்டே. இதை வச்சுப் பட்டம் கேக்காதே," என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போய்விட்டார்.

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் லெனோர் உறைபெட்டியைத் திறந்து பார்த்தாள். தாங்கிகளில் குப்பிகள் நேராக நின்றன. உள்ளே பனிக்கட்டியும் மட்டமாக இருந்தது. மூன்று குப்பிகளில் விரிசல்.

"கப்பல்ல எப்படி உறைய வச்சே, மோராக்?"

"சாய்ச்சுத்தான். நேரா வச்சா கண்ணாடி வெடிச்சிடுமே. இறுகின பிறகுதான் நிமித்தி அடுக்கினேன்."

9.40. பக்கத்து மேசையில் சக மாணவன் ஆங்கஸ் தன் குளிரூட்டும் தொட்டியிலிருந்த கடல் நுண்ணுயிர்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தான்.

"முந்தின வாரப் புயல்ல பிழைச்சுட்டாங்களே உன் பிள்ளைங்க?"

"குட்டி ராட்சசங்க, லெனோர். எதுக்கும் சாகாது."

"அந்தச் சனிக்கிழமை இங்க யார் இருந்தா?"

"நான் மட்டும்தான். உறைபெட்டி ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

லெனோர் உறைபெட்டியின் கதவைச் சாத்தினாள்.

"குப்பியில பனி சாய்வா இருக்கணும், ஆங்கஸ். மட்டமா இருக்குன்னா, நின்ன நிலையில உருகி மறுபடி உறைஞ்சிருக்கு. அன்னைக்கு இருபது மணி நேரம் கரண்ட் இல்ல. ஜெனரேட்டர்ல ஓடுறது இந்த அறையில அந்த ஒரே சிவப்பு பிளக்தான். அது உறைபெட்டியோடது. ரெண்டு டிகிரி தண்ணி இல்லேன்னா சாகிற உன் பிள்ளைங்க எப்படிப் பிழைச்சாங்க?"

அவன் கையிலிருந்த குழாயை மேசையில் வைத்தான்.

"ஒரு மணி நேரத்துக்குன்னுதான் அந்த பிளக்கைத் தொட்டிக்கு மாத்தினேன். சாப்பிடப் போனேன், ரோட்டை மூடிட்டாங்க. ஞாயித்துக்கிழமைதான் வர முடிஞ்சது. உயிருள்ளதை முதல்ல காப்பாத்தணும்னு கப்பல்ல சொல்வோமே..."

"காப்பாத்தினது தப்பில்ல. அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா, உருகின தண்ணியை உடனே சோதிச்சிருக்கலாம். பாதியாவது தேறியிருக்கும்."

மோராக் மீதான பழி நீங்கிவிட்டது. போன தண்ணீர் திரும்பாது. கண்டுபிடித்ததில் லெனோருக்குத் துளியும் மகிழ்ச்சியில்லை.

மோராக் கத்தவில்லை. மெல்லக் கேட்டாள்:

"அந்த ஞாயித்துக்கிழமை எதுக்கு என் வீட்டுக்கு மீன் சூப் கொண்டு வந்தே?"

"சொல்லத்தான் வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"கதவைத் திறந்ததும் சிரிச்சே, மோராக். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கின்னு சொன்னே."