இழுக்கக் கூடாத கயிறு

பறவைகள் இறங்கவில்லை. ஆலாக்கள் கூட்டமாக வந்தன. அந்தத் துண்டுக் கரைக்கு மேல் வந்ததும் உயரே எழும்பிக் கடந்து, அப்பால் பாறையில் போய் உட்கார்ந்தன. ஓவர்சியர் வள்ளிநாயகத்துக்குத் திருப்தியாக இருந்தது. எச்சம் இல்லாத மணல்.

பெரிய எஞ்சினியர் நாளைக் காலை திருவனந்தபுரத்திலிருந்து வருகிறார். அவருக்குத் தூண்டில் போட வேண்டும், குழல்கண்ணாடியில் பறவை பார்க்க வேண்டும், மனிதச் சத்தமே கேட்கக் கூடாது. பார்த்து வைக்கும் கரை அவருக்குப் பிடித்தால் வள்ளிநாயகத்துக்கு உத்தியோக உயர்வு. பிடிக்காவிட்டால் மலைக்காய்ச்சல் முகாமுக்கு மாற்றம். கடியப்பட்டணத்துக் கரையை அவன் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒதுக்கியிருந்தான். கருவாடு, வலை, கூச்சல். அந்த ஆட்களைப் பார்த்தாலே அவனுக்குக் குளிக்கத் தோன்றும்.

இங்கே வள்ளம் இல்லை. நண்டு வளைகூட இல்லை. ஒரே அசிங்கம், முளையில் கட்டிக் கடலுக்குள் விட்டிருந்த பழைய வலைக்கயிறு.

தலையில் மீன்கடவப் பெட்டியோடு அவ்வழியே விற்கப் போன இசபெல்லை நிறுத்தினான்.

“யாருக்க கயிறுட்டி இது?”

“கடலில போயி உடம்பு கிடைக்காதவனுவளுக்க. பிடிச்சிட்டு நிக்கதுக்குக் கெட்டிப் போட்டிருக்கு. எனக்க மாப்பிளையும் நிக்கான்.”

“குடிச்சிட்டுப் போயிருப்பான்.”

“குடிச்சான். சாருக்க காசில இல்ல.” அவள் கடவத்தை இறக்கவேயில்லை. “இழுக்கப்பிடாது கேட்டீரா. இழுத்தா, கூப்பிடுதாங்கன்னு கேறி வருவானுவ. பிறவு உம்ம பாடு.”

“நாத்தத்த எடுத்துட்டுப் போட்டி.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அறுத்தால் மிச்சம் தண்ணீரில் கிடந்து எஞ்சினியரின் தூண்டிலில் சிக்கும். முழுதாக இழுத்துப் போடுவதே சரி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, அலை ஒதுங்கும்போது மணல் சளசளவென்று நீரை உறிஞ்சுவதும், தூரத்தில் தென்னோலை உரசுவதும் மட்டும் கேட்க, பாசி வழுக்கும் கயிற்றைக் கைமாற்றி இழுத்தான், ஈரத்துணியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது போன்ற வாடை அதிலிருந்து எழுந்து அவன் சட்டைக்குள் இறங்கியது. கனம். மீன்தான். இவ்வளவு மீனை விட்டுவிட்டுக் கதை கட்டுகிறார்கள், மூடக் கூட்டம்.

சட்டென்று கனம் குறைந்தது.

பின்னால் யாரோ சேர்ந்து இழுக்கிறார்கள். கூலி கேட்க வந்துவிட்டான்கள் என்று நினைத்தான். திரும்பாமலே சொன்னான்: “துட்டு கிடையாது, கேட்டியளா?”

மூச்சு மட்டும். ஒருவருடையது அல்ல. பிடரியில் நீர் சொட்டியது.

கீழே பார்த்தான். அவனுக்கு இரு பக்கமும் ஈரத் தடங்கள் கடலிலிருந்து ஏறி, அவனைத் தாண்டிப் பின்னே போயிருந்தன.

கையை விடப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை. அவற்றின் மேல் வேறு விரல்கள் இருந்தன. வெளுத்து, ஊறி, நகமில்லாமல்.

“எம்மாடி,” என்றான்.

கயிறு நின்றது. பிறகு கடல் பக்கம் நகர்ந்தது. மெதுவாக. யாருக்கும் அவசரமில்லை. பின்னாலிருந்தவர்கள் ஒரே தப்படியாக நடந்தார்கள். அவன் குதிகால் மணலை உழுதது. முழங்கால் நனைந்தது. இடுப்பு.

முன்னால், கயிறு நெடுக, தலைகள். வரிசையாக. எல்லாம் அவனைப் பார்த்து.

நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.