பார்வையாளர் நேரம் நாலு மணி

ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்தன. ஆறரைக்குப் பல் தேய்த்தான். ஏழுக்கு மாத்திரை. விழுங்கியதும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினான். போர்வையை மடித்து வைத்தான். மனநல வார்டில் இருபத்து மூன்றாவது நாள்.

மாத்திரை வேலை செய்திருந்தது. வீட்டில் சமையலறைப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவியின் குரல், இங்கே வந்த இரண்டாம் வாரம் நின்றுபோனது. அவள் இறந்து நான்கு மாதம். குரலும் நின்ற பிறகுதான் அவள் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

"ஒன்பது மணிக்கு டாக்டர் வருவாரு. குரல் கேக்குதான்னு கேப்பாரு," என்றார் அடுத்த கட்டில் கணக்கு வாத்தியார். "இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு வீடு போய்ச் சேரு. நான் விளக்கம் சொல்லப் போய்த்தான் ஒன்பது மாசமா இங்க குடித்தனம் பண்றேன்."

"நெஜமாவே கேக்கல சார்."

"அப்புறம் ஏம்ப்பா இழவு வீட்டு மூஞ்சி?" கேட்டுவிட்டு வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் யாரும் இல்லை. போய்ச் சேர்ந்தால் அந்த வெற்று வீட்டில் அவன் மட்டும்தான்.

இரவுப் பணி முடிந்து கிளம்பிய நர்ஸ் அவன் கட்டிலருகே நின்றாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள் ஆன புதுப்பெண்.

"சார், உங்க வீட்டுக்காரங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு மணிக்குத்தான்."

சட்டைப் பொத்தானில் அவன் கை நின்றது.

"யாருகிட்ட?"

"மூணு நாளா விடியக்காலைல வந்து உங்க கால்மாட்டுல நிக்கிறாங்களே. வார்டு கதவ நான்தான் சாத்தி வெக்கிறேன். எப்படித்தான் உள்ள வர்றாங்களோ."

பினாயில் நெடிக்கு அடியில் வேறொரு வாடை எழுந்தது.

கேஸ்.

வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அவருக்கும் அடித்தது.

அன்று அவன் அலுவலகத்தில் இருந்தபோதுதான் சிலிண்டர் கசிந்தது. அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்து அவளைத் தூக்கி வந்தார்கள். வெளியே பூட்டியவன் அவன். காலையில் அவன் கிளம்பும்போது, தலைவலி என்று படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே கடைசியாக ஒன்று சொன்னாள். போலீஸ், டாக்டர், மாமியார், யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை.

"ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டான்.

"வெளிய போங்கம்மான்னேன். என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. உங்களப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"'வெளியில பூட்டிட்டே போங்க. நான் எங்க போயிடப் போறேன்.'"