பின் இருக்கையின் இடப்பக்கம்

காரின் பின்பக்கம், இடது சில்லுக்கு மேலே, இரண்டு விரல் அளவு தாழ்ந்திருந்தது.

நாகேந்திரம் முதலில் தரையைத்தான் சந்தேகித்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் போட்ட சீமெந்துத் தரை எதையும் நம்ப முடியாது. அடியில் மணல், தண்டவாளத்தில் ரயில் போகும்போதெல்லாம் வீடே கொஞ்சம் அசைந்து அமரும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். தரை சரியாக இருந்தது. டயர்களுக்குக் காற்றடித்துப் பார்த்தார். காற்றும் சரி. முன்னால் போய்க் குனிந்து பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார். உள்ளே இருக்கைகூட இன்னும் பூட்டவில்லை, வெறும் பலகைதான் கிடந்தது. ஆனாலும் கார் அந்த மூலையில், பாரம் ஏற்றியதுபோல, சாய்ந்து நின்றது.

"சனியன்" என்றார் சத்தமாக.

அந்தக் கார் கடையில் வாங்கியதல்ல. இரத்மலானையில் படகு செய்யும் யாட் ஒன்றில் அவருக்கு வேலை, பைபர் வார்ப்பது. யாரோ வெள்ளைக்காரன் முன்னொரு காலத்தில் செய்வித்து விட்டுப்போன கார் உடல் அச்சு ஒன்று அங்கே பின்வளவில் புல் மூடிக் கிடந்தது. அதைக் கழுவி, கழிவுப் பிசினைச் சேர்த்துச் சேர்த்து, கூரையோடு கூடிய ஒரு சிறிய உடலை அவர் வார்த்தெடுத்தார். கதவு இன்னும் இல்லை. கண்ணாடி இல்லை. ஓட்டைகள் மட்டும் அளவாக வெட்டப்பட்டிருந்தன. அந்த உடலை ஏற்றி வைக்க ஒரு பழைய கார் வேண்டியிருந்தது: அடிச்சட்டம், எஞ்சின், சில்லுகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நம்பர். வீட்டில் செய்த காருக்குப் புது நம்பர் எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. பழைய காரின் நம்பரோடுதான் அது ரோட்டில் இறங்க முடியும்.

பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கும் ஸஹாப்தீன் அவரைக் களனிக்குக் கூட்டிப்போய், ஆற்றங்கரை வளவொன்றில் ஒரு ட்ரயம்ப் ஹெரால்டைக் காட்டினான். மேற்பாகம் முழுக்கக் கருகியிருந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்த கார் என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கொழும்பில் தமிழன் ஒருவன் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயமல்ல அது. அவர் கறுத்த தகரத்தையெல்லாம் வெட்டி எறிந்தார். அடிச்சட்டத்தை வெறும் இரும்பு தெரியுமட்டும் தேய்த்து, துருப்பிடிக்காமல் சிவப்பு மை பூசினார். இரும்புதானே.

கௌரிக்குச் சொல்லவில்லை.

எல்லாம் கௌரிக்காகத்தான். மகள் நளாயினி புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்த அன்று டியூசன் முடிந்து அங்கே நின்றாள். அவளுக்குப் பதினேழு வயது. அதன் பிறகு கௌரி கேற்றுக்கு வெளியே கால் வைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கை வந்து அழுதும் போகவில்லை. சாப்பாடு குறைந்தது, கதை குறைந்தது, கடைசியில் அறையை விட்டு வருவதே குறைந்தது. ஒருநாள் மட்டும், சுவரைப் பார்த்துக்கொண்டே, "பஸ் எண்டால் ஏலாது. சொந்தக் கார் எண்டால் வருவன்" என்றாள். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவர் இவ்வளவும் செய்தார். இந்தக் கார் ஓடாவிட்டால் கௌரி அந்த அறையிலேயே முடிந்துபோவாள் என்பது அவருக்குத் தெரியும்.

கார் மட்டத்துக்கு வரமாட்டேன் என்றது.

பின் ஸ்பிரிங் தகடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக வளைவு பார்த்து, திருப்பிப் பூட்டினார். சாய்வு போகவில்லை. முன் ஸ்பிரிங்குகளை இடமும் வலமும் மாற்றிப் போட்டார். சாய்வு மாறவில்லை. இடப்பக்கம் தடிப்பான தட்டு வைத்து உயர்த்தினார். அன்று பின்னேரம் சரியாக நின்றது. விடிய வந்து பார்த்தால் தட்டு நசுங்கிக் கிடந்தது. துருப்பிடித்த நட்டு ஒன்று சுழன்று விரல் முட்டியின் தோலைக் கொண்டுபோனது. நட்டுக் கழற்றும் சாவியைச் சுவரில் எறிந்தார்.

பக்கத்து வீட்டுச் சிவானந்தன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். "என்ன நாகேந்திரம் அண்ணை, இது ரோட்டுக்கோ கடலுக்கோ? ஒரு பக்கம் தாண்டுகொண்டெல்லோ நிக்குது."

"முதல்ல உம்மட சைக்கிளுக்கு ஒரு பிறேக் போடும்."

"அதுவும் சரிதான். ஆனா என்ர சைக்கிள் நேரா நிக்கும்."

சிவானந்தன் சிரித்துக்கொண்டு போன பிறகு கார் நின்ற கொட்டில் மிகவும் அமைதியாக இருந்தது. தகரக் கூரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தத்தை அவர் கவனித்தார். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். நெடுந்தூரம் ஓடிவந்த எஞ்சின் ஆறும்போது இரும்பு போடுகிற சத்தம். எஞ்சினில் கை வைத்தார். குளிர்ந்திருந்தது. அதை அவர் இன்னும் ஒருதரம்கூட இயக்கவில்லை.

வீட்டுக்குள் போய் கௌரியைக் கூப்பிட்டார். பயத்தில் கூப்பிட்டாரா, ஆத்திரத்தில் கூப்பிட்டாரா என்று அவருக்கே விளங்கவில்லை. "ஒருக்கா வாரும். பின்னுக்கு வலப்பக்கம் கொஞ்சம் இரும். பாரம் வைச்சு அளக்க வேணும்."

அவள் வந்தாள். கேற்று வரை வராதவள், கொட்டிலுக்கு வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, பலகையின் வலது பக்கத்தில் இருந்தாள். ஸ்பிரிங் முனகியது. நாகேந்திரம் குனிந்து அளந்தார்.

கார் மட்டமாக நின்றது. மயிரிழையும் பிசகவில்லை. ஒரு பொம்பிளையின் பாரத்துக்கு இன்னொரு பொம்பிளையின் பாரம்.

"சரி, இறங்கும்" என்றார் அவசரமாக.

கௌரி இறங்கவில்லை. பக்கத்துப் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். "இஞ்சை சூடாக் கிடக்கு. ஆரோ இருந்து எழும்பின மாதிரி."

"வெயில்."

"வெயில் இந்தப் பக்கமெல்லே அடிக்குது." பிறகு தலையைச் சரித்து, சன்னமாகச் சிரித்தாள். அவர் அந்தச் சிரிப்பைக் கண்டு ஒரு வருஷமாகிறது. "பஸ்ஸிலயும் இடப்பக்க யன்னல்தான் அவளுக்கு வேணும். என்னப்பா?"

அன்றிரவு அவள் கேட்டு வாங்கி இடியப்பம் சாப்பிட்டாள். நாகேந்திரம் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காரைப் பிரித்து எறியவேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. பிரித்தால் அவள் திரும்பவும் அறைக்குள் போய்விடுவாள் என்று மற்ற மனம் சொன்னது.

அதன் பிறகு கௌரி ஒவ்வொரு பின்னேரமும் கொட்டிலுக்குப் போனாள். பின் பலகையில் வலப்பக்கம் இருந்துகொண்டு, மெல்லக் கதைத்தாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார். வேலை ஓடவில்லை. எந்த நட்டைத் தொட்டாலும் உள்ளேயிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது. இரும்பு வாசத்துக்கும் பிசின் வாசத்துக்கும் அடியில் வேறொரு வாசம் எழும்பத் தொடங்கியிருந்தது. மண்ணெண்ணெய் என்று முதலில் நினைத்தார். மண்ணெண்ணெய் இல்லை.

யாட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஞ்சிகாவத்தைக்குப் போனார். ஸஹாப்தீன் கியர் பெட்டி ஒன்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன அய்யா, கார் ஓடுதா?"

"ஸ்பிரிங் ஒண்டு வேணும்" என்றார். அது பொய். ஸ்பிரிங்கில் பிழை இல்லை என்று அவருக்குத் தெரியும். "ஸஹாப்தீன், அந்தக் காருக்குள்ள ஆர் இருந்தது?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். "இப்ப ஏன் அய்யா அதக் கேக்குறீங்க? நம்பர எடுத்திட்டு, மிச்சத்த வெட்டி இரும்புக்குப் போடுங்கண்டு அண்டைக்கே சென்னேன்தானே."

"ஆர் இருந்தது?"

"ஒரு குடும்பம். தாய், தகப்பன், ரெண்டு சின்னப் புள்ளயள். ரோட்ட மறிச்சிட்டாங்க. எறங்கி ஓடியிருந்தா தப்பியிருக்கலாமெண்டு செல்றாங்க. அவங்க கண்ணாடிய உசத்தி, கதவப் பூட்டிட்டு உள்ளுக்கே இருந்திட்டாங்க. தொறந்தா இழுத்து அடிப்பாங்களெண்ட பயம்தானே." அவன் குரலைத் தாழ்த்தினான். "கதவத் தொறக்கவே இல்லயாம் அய்யா. கடைசி வரைக்கும்."

திரும்பி வரும்போது பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, தமிழ்ப் பெயர்களை ஒரு பக்கமாக நிற்க வைத்தார்கள். நாகேந்திரம் மதில் நிழலில் நின்றார். எங்கே வேலை, ஏன் வேலைக்குப் போகவில்லை, பையில் ஏன் ஸ்பிரிங். மூன்று பேருக்கு மூன்றுதரம் சிங்களத்தில் சொன்னார். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை. இன்று என்ன நாள் என்பது அங்கே நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. நளாவின் ஆண்டுத் திவசம். ஐயரைக் கூப்பிட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கௌரி காலையில் சொன்னபோதும் அது அவருக்கு உறைக்கவில்லை.

ஒழுங்கைக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. கௌரி கொட்டிலின் வாசலில் நின்றாள். தலை முழுகி, கூந்தல் நுனியை முடிந்திருந்தாள். கொட்டில் கதவு சாத்தியிருந்தது. கதவின் இடுக்கால் குத்துவிளக்கின் வெளிச்சம் தெரிந்தது. பொரித்த மீன், கத்தரிக்காய்க் குழம்பு, பாற்சோறு எல்லாம் மணத்தது.

அவருக்கு விளங்கியது. போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, வாழையிலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகுமட்டும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. நளாவுக்கு எட்டாம் நாளும் அப்படித்தான் செய்தார்கள். அப்போது அறைக்குள் படைத்தார்கள்.

"காருக்குள்ளயோ படைச்சனீர்?"

"அவள் அங்கைதானே இருக்கிறாள்." கௌரியின் கண்கள் மின்னின. "சத்தம் போடாதேங்கோ. வா பிள்ளை, வந்து பசியாறு எண்டு கூப்பிட்டிட்டு இப்பதான் சாத்தினனான்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டனீரோ?"

"பெத்த பிள்ளைக்கு ஏன் பேர்?"

அவர் கதவில் கை வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்த கை, ஆனால் இறுக்கமான பிடி. "சாப்பிட விடுங்கோ."

உள்ளே, பின் இடப்பக்கம், ஸ்பிரிங் முனகியது.

கௌரி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். கேட்டீர்களா என்பதுபோல.

திரும்பவும் முனகியது. இது முன்பக்கம், சாரதி இருக்கும் பக்கம். அந்தக் கார் ஒவ்வொரு மூலையிலும் எப்படி முனகும் என்பது அவருக்குப் பாடம். பிறகு இன்னொன்று, இலேசாக. பிறகு அதைவிட இலேசாக இன்னொன்று, ஏறத் தெரியாமல் ஏறுவதுபோல.

பிறகு ஒன்றும் இல்லை. கடலின் இரைச்சல் மட்டும்.

"ஏன் இத்தனை தரம்?" என்றாள் கௌரி. புருவம் சுருங்கியது.

"கௌரி. வீட்டுக்குள்ள வாரும்."

"ஏன்?"

"அது நளா இல்லை."

"பின்னை ஆர்?"

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது முழுக்க வாயில் இருந்தது. களனி, ஆற்றங்கரை, கருகிய தகரம். சொன்னால் அவளுக்கு இருந்த அந்த ஒன்றும் போய்விடும். அவர் வாயை மூடினார். அவள் அந்தத் தயக்கத்தைப் பார்த்தாள். அவருடைய கையை உதறிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

வாழையிலை வெறுமையாக இருந்தது. ஒரு பருக்கையும் இல்லை, மீன் முள்ளும் இல்லை. இலை மட்டும் விளிம்பிலிருந்து கருகிச் சுருண்டுகொண்டிருந்தது. விளக்கு எட்டத்தில், தரையில் இருந்தது. கார் நாலு பக்கமும் தாழ்ந்து, நிறைந்து நின்றது.

"நளா" என்றாள் கௌரி. சேலையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். "தள்ளி இரு பிள்ளை. அம்மாவும் வாறன்."

"கௌரி!"

அவள் இருந்தாள். யாருக்கோ இடம் விட்டு, ஒடுங்கி இருந்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

கைபிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியை உயர்த்தும் கைபிடி. ஒன்று. எதிர்ப்பக்கம் இன்னொன்று. பிறகு பூட்டுகள், அடுத்தடுத்து, விழும் சத்தம்.

காரில் கதவு இல்லை. கண்ணாடி இல்லை.

அவர் ஓடினார். கௌரி அவரை நோக்கித் திரும்பி, வாயை அகலத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. அவர் வெறும் ஓட்டைக்குள் கையை நீட்டினார். கை நின்றது. வழுவழுப்பான எதிலோ நின்றது. சுட்டது. தோல் ஒட்டிக்கொண்டது. இழுத்தார். சாவியை எடுத்து அடித்தார். சாவி திரும்பி வந்தது. இன்னும் அடித்தார். திரும்பி வந்தது.

பெட்ரோல் வாசம்.

"இறங்கும்! கௌரி, இறங்கும்!"

அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் காற்றில் ஊன்றியிருந்தன. எதிலோ அழுத்துண்டு, தட்டையாகி, வெளுத்திருந்தன. அவள் வாய்க்கு எதிரே, ஒன்றுமில்லாத இடத்தில், மூச்சு வட்டமாகப் பனிப்புகார் பிடித்தது. மறைந்தது. திரும்பப் பிடித்தது.

அதற்குக் கீழே, அவளுடைய மடியளவு உயரத்தில், இன்னொரு வட்டம் பிடித்தது. சிறியது. அதன் இரு பக்கத்திலும், மெதுவாக, ஒரு சோடிச் சின்னக் கைகள் வந்து வெளுத்தன.