பம்பு ஏன் கத்தியது?

"ஙொய்ய்ய்ங்... கடகடகட... ஙொய்ய்ய்ங்!"

மாடியில் இருந்த அலமாரிக்குள்ளிருந்து சத்தம் மறுபடியும் கிளம்பியது. அதற்குள்தான் பம்பு இருந்தது. பாய்லரின் சுடுநீரை ஒவ்வோர் அறையையும் சூடாக்கும் ரேடியேட்டர் பலகைகளுக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. இத்தனை நாள் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. இந்த மாதம்தான் அதற்கு என்னவோ ஆகிவிட்டது.

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. அப்பா கூடத்துக்கு இறங்கி வந்தார். தலைமுடி குத்திட்டு நின்றது. கண்கள் சிவந்திருந்தன. அவர் இரவெல்லாம் ரொட்டி லாரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குபவர்.

"இது பம்பா, இல்ல உள்ள உக்காந்து எவனாவது ஹெலிகாப்டர் ஓட்டுறானா?"

நான்கு வயது ஈவானுக்கு அது பிடித்துவிட்டது. கையைச் சுழற்றிக்கொண்டே கூடத்தைச் சுற்றி ஓடினான். "கடகடகட! கடகடகட!"

"வாயை மூடுடா!" என்று அப்பா கத்தினார்.

ஈவானின் உதடு பிதுங்கியது. அழுகை வருவதற்கு முன் இருமல் வந்துவிட்டது. அப்பா அவனைத் தூக்கி முதுகைத் தடவினார். "உன் மேல கோவம் இல்லடா செல்லம். அப்பாவுக்குத் தூக்கமே இல்ல."

"அப்போ பம்பை நிறுத்திடலாமாப்பா?" என்று ஈவானின் அக்கா நெரிஸ் கேட்டாள்.

அம்மா தலையை ஆட்டினாள். "வெளிய பனி உறைஞ்சு கிடக்கு. நிறுத்தினா இவன் நெஞ்சு தாங்காது. பிளம்பருக்குப் போன் பண்ணிட்டேன், வியாழக்கிழமைதான் வருவாராம். அதுவரைக்கும் யாரும் பம்பைத் தொடக்கூடாது. நெரிஸ், உன்னைத்தான் சொல்றேன்."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "நேத்து சிக்னல்ல நிக்கும்போது கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி வந்தவன் ஹாரன் அடிச்சப்புறம்தான் முழிச்சேன்."

பம்பு மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

நெரிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளி விடுமுறை, ஸ்வான்சீ நகரின் இந்தக் குளிரில் எங்கே போவது? உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள். அப்பாவின் கண்கள் லாரியில் மூடிக்கொண்டால்?

தன் கனமான போர்வையைக் கொண்டுவந்து அலமாரிக் கதவின் வெளிப்புறம் தொங்கவிட்டாள். பயனில்லை. சத்தம் தரை வழியாகவும் குழாய் வழியாகவும் வந்தது. அன்று முழுக்க அப்பா புரண்டு புரண்டு படுத்தார். கட்டில் கிறீச்சிடுவது கீழே கேட்டது.

மறுநாள் காலையில் நெரிஸ் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. சத்தமே இல்லை! ஆனால் ரேடியேட்டர் சூடாக இருந்தது.

அந்த நேரத்தில் அம்மா ஒவ்வோர் அறையாகப் போய் ரேடியேட்டரின் திருகை மூடிக்கொண்டு வந்தாள். இந்த மாதம் அவள் பிடித்துக்கொண்ட புதுப் பழக்கம் அது; இரவில் திறந்துவிடுவாள், காலையில் மூடிவிடுவாள். ஆளில்லாத அறைக்குச் சூடு எதற்கு?

பெட்டிகள் வைக்கும் சின்ன அறையின் திருகு மூடியது. 'ங்ங்' என்று மெலிதாக ஒரு முனகல்.

நெரிஸின் அறைத் திருகு மூடியது. 'ஙொய்ய்ங்.'

வேலை முடிந்து வந்த அப்பா, குளிர்ச்சியாக இருந்தால்தான் தூங்க முடியும் என்று தன் அறையிலும் மூடினார். 'கடகடகட!'

நெரிஸ் வாய் நிறைய நுரையோடு ஓடி வந்தாள். "அவ்வா! உழ! உழங்க!"

"என்னடி சொல்ற? முதல்ல வாயிலேருந்து பிரஷ்ஷை எடு!"

"திறங்கம்மா! மூடினதைத் திறங்க!"

அம்மா சின்ன அறைக்குப் போய்த் திருகைத் திறந்தாள். கடகட நின்றது. நெரிஸ் தன் அறைக்கு ஓடித் திறந்தாள். ஙொய்ங் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறுபடி மூடிப் பாருங்க" என்றாள் நெரிஸ். அம்மா மூடினாள். கத்தியது. திறந்தாள். அடங்கியது.

"தோட்டத்துக் குழாயை விரலால அடைச்சா தண்ணி சீறும்ல? அதே மாதிரிதாம்மா. எல்லாத்தையும் நாம அடைச்சிடுறோம். பாவம், அது எங்க தள்ளும்?"

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "சரி. ஆனா ஆளே இல்லாத ரூமைச் சூடாக்கி என்னடி பண்றது?"

நெரிஸ் கூடத்தை எட்டிப் பார்த்தாள். நாற்காலி, மேசை, மாடிப்படிக் கைப்பிடி எங்கும் ஈரத்துணி. சாக்ஸ் ஒன்று விளக்கிலேயே தொங்கியது.

"இதையெல்லாம் அந்தச் சின்ன ரூம்ல காயப்போடலாம். நானும் பகல்ல என் ரூம்லயே இருந்துக்கிறேன். அப்பா ரூம் குளுகுளுன்னே இருக்கட்டும்."

"அடியே!" என்று சொல்லி அம்மா அவள் வாயோர நுரையைத் துடைத்துவிட்டாள். "நடந்து நடந்து தரையைத் தேய்க்கிறியேன்னு நெனச்சேன், உருப்படியாதான் யோசிச்சிருக்க. வியாழக்கிழமை அந்த ஆளும் வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டும்."

அன்று கட்டில் கிறீச்சிடவில்லை. மதியமானது. குளிர்காலம் என்பதால் நாலு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. ஈவான்கூட விரல்நுனியில் நடந்தான்.

திடீரென்று அப்பா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "என்னாச்சு? பம்பு செத்துப்போச்சா? ஈவானுக்குக் குளிருமே!"

அவர் கூடத்து ரேடியேட்டரின் மேல் கையை வைத்தார். உடனே "ஆ!" என்று இழுத்துக்கொண்டார். கொதிசூடு.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு. உங்க பொண்ணு அதுக்கு வழி விட்டுட்டா" என்றாள் அம்மா.

நெரிஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "நெஜமாவா? நெஜமாவே திருகைத் திறந்தா போதுமா?" அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். "லாரி எடுக்க இன்னும் நேரம் இருக்கு இல்ல?"

"நெறைய இருக்கு. போய்ப் படுங்க."

அப்பா மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கொர்ர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்ர்ர்!"

ஈவான் கண்களை அகல விரித்தான். "அம்மா, அப்பாவுக்கும் பிளம்பரைக் கூப்பிடணுமா?"

"வேணாம்டா" என்றாள் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அது நல்லாத்தான் ஓடுது."

நெரிஸ் பூனைபோல் மாடிக்குப் போய், அப்பாவின் அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.