அம்மாவைப் படிக்க அனுப்பிய வக்கீல்

வக்கீலுக்குப் பத்து வயது. படிப்பது ஐந்தாம் வகுப்பு. யார் எதைச் சொன்னாலும் "ஏன்? எதுக்கு? யார் சொன்னது?" என்று குறுக்கு விசாரணை செய்வாள். அதனால் வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவளுடைய அம்மாவின் வேலை செயற்கைக் கால் செய்வது. மருத்துவமனையின் பின்பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது. கால் இழந்தவர்களுக்கு அங்கே அம்மா அளவெடுப்பார், மாவுக்கட்டுப் போட்டு அச்செடுப்பார், கால் செய்து மாட்டி நடக்கவைத்து அனுப்புவார். வீட்டுக்கு வரும்போது அவருடைய நகக்கண்களில் எப்போதும் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும்.

அம்மாவுக்கு இப்போது கை செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கான கை. விரல் மடங்க வேண்டும், பென்சில் பிடிக்க வேண்டும். அதைச் சொல்லித்தரும் கல்லூரி வெளிநாட்டில் இருந்தது. ஒரு வருடப் படிப்பு. அம்மா விண்ணப்பம் போட்டார். நேர்காணலுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். கணினித் திரையிலேயே பேச வேண்டும். அதற்கு இன்னும் எட்டு நாள்தான்.

"ஒத்திகை பார்த்துடலாம்" என்றாள் வக்கீல்.

அப்பாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நாற்காலியில் இரண்டு தலையணைகளைப் போட்டு மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"நான்தான் பேராசிரியர். உள்ளே வாங்க, உக்காருங்க."

"நன்றி ஐயா" என்றார் அம்மா.

"ஐயா இல்ல, அம்மா."

"இங்கே யாருக்கு யாருடி அம்மா?"

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டார். அவர் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு விடுமுறை.

"சத்தம் போடாதீங்க!" என்று அந்தப் பக்கம் ஓர் அதட்டல் போட்டுவிட்டுத் திரும்பினாள் வக்கீல். "எங்க கல்லூரியில ஏன் சேர விரும்பறீங்க?"

அம்மா மூச்சை இழுத்துக்கொண்டார். "தங்கள் கல்லூரி உலகப் புகழ் பெற்றது. அதன் சிறந்த ஆய்வகங்களும் அனுபவம் மிக்க ஆசிரியர்களும்..."

"நிறுத்துங்க. இதை எத்தனை நாள் மனப்பாடம் பண்ணீங்க?"

"மூணு நாள்."

"அப்படித்தான் தெரியுது. சரி, வேலையில நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க."

"அப்படி எதுவும் கிடையாதுங்க."

"பொய்! ஒரு கால் கீச்சுகீச்சுன்னு கத்துச்சே, அது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"ஏழு வயசுப் பொண்ணு. கால் அளவு கச்சிதம். ஆனா பத்தே நாள்ல, மாட்டவே மாட்டேன்னு அடம் பிடிச்சா. நானும் மூணு தடவை அளவெடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்ல. கடைசியில அவ பக்கத்துல தரையில உக்காந்து, 'ஏம்மா பிடிக்கல?'ன்னு கேட்டேன். 'நடந்தா எலி மாதிரி கத்துது. கிளாஸ்ல எல்லாரும் என்னை எலின்னு கூப்பிடறாங்க'ன்னா. கணுக்கால் பக்கம் ஒரு திருகாணி. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன், சரியாப் போச்சு. நான் காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன், அந்தப் பொண்ணைப் பார்க்கல. அதான் என் தப்பு."

வக்கீல் நாற்காலியிலிருந்து குதித்தாள். "அம்மா, இதையே சொல்லு! அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடு!"

"இதையா? இதுல பெருமையா என்ன இருக்கு?"

"கேட்டா உன்னைப் பிடிக்குது. அது போதாதா?"

அம்மா யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

வக்கீல் மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். "கடைசிக் கேள்வி. ஒரு வருஷம் இங்கேயே தங்கணும். வீட்டை விட்டுட்டு இருந்துடுவீங்களா?"

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று காணாமல் போனது.

"இன்னைக்கு இது போதும்" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனாள். அம்மா, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உனக்குப் பயமா?"

"எனக்கா? படிப்பை நினைச்சா துளிகூட பயம் இல்ல. அங்கே போனா நல்லாவே செய்வேன்."

"அப்புறம் என்ன?"

"உனக்கு யாரு தலை பின்னுவா? காலையில உன்னை யாரு எழுப்புவா? உங்க அப்பாவுக்கு உப்பு எங்கே இருக்குன்னே தெரியாது."

"தெரியும், தெரியும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தார்.

அம்மா ஜெயிக்க வேண்டும் என்றுதான் இதுவரை வக்கீல் நினைத்திருந்தாள். ஜெயித்தால் அம்மா போய்விடுவார் என்பது இப்போதுதான் உறைத்தது. ஒரு வருடம் என்றால் முந்நூற்று அறுபத்தைந்து காலைகள்.

அம்மாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "இன்னும் எட்டு நாள் இருக்கில்ல? இன்னையிலிருந்து நீ வெளிநாட்டுல இருக்கே."

"என்னது?"

"வேலைக்குப் போ, வா, சாப்பிடு, தூங்கு. ஆனா எங்களுக்கு எதுவும் செய்யக் கூடாது. நாங்க சமாளிக்கறோமான்னு பார்த்துக்கிட்டு மட்டும் இரு."

மறுநாள் காலை அப்பாதான் தலை பின்னினார். ஒரு பின்னல் காதுக்கு மேலே நின்றது, இன்னொன்று பிடரியில் தொங்கியது. அம்மாவின் கை தானாக நீண்டது.

"வெளிநாட்டுல இருக்கறவங்க கை நீட்டக் கூடாது!" என்றாள் வக்கீல். அந்தப் பின்னல்களோடேயே பள்ளிக்கும் போய்விட்டு வந்தாள்.

இரண்டாம் நாள் குழம்பில் உப்பே இல்லை. மூன்றாம் நாள் அதற்கும் சேர்த்து உப்பு இருந்தது. நான்காம் நாள் சீருடையைத் துவைக்க மறந்து, காலையில் துவைத்து, ஈரத்தோடு இஸ்திரி போட்டார்கள். ஐந்தாம் நாளில் இரண்டு பின்னலும் ஒரே உயரத்துக்கு வந்தன.

ஆறாம் நாள் மாலை, அம்மா வேலையிலிருந்து வந்தபோது வக்கீல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு?"

"எல்லாத்துக்கும் வழி கண்டுபிடிச்சுட்டேன். அழுகை வந்தா என்ன பண்றதுன்னு மட்டும் இன்னும் தெரியல."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்டார். "எனக்கும்தான் வரும். வந்தா போன் பண்ணு, நானும் பண்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு, அவங்கவங்க பாடத்தைப் படிக்கலாம்."

"யார் முதல்ல போன் பண்றது?" என்று கேட்டாள் வக்கீல்.

நேர்காணல் நாள் வந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே அப்பாவும் மகளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் அம்மாவின் குரல் மெதுவாகக் கேட்டது. திடீரென்று, "கீச்சு, கீச்சு!" தொடர்ந்து நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். வக்கீல் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"கடைசிக் கேள்வியைக் கேட்டாங்களா?" என்று பாய்ந்தாள் வக்கீல்.

"கேட்டாங்க. ஒரு வருஷம் வீட்டை விட்டுட்டு இருக்க முடியுமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"எட்டு நாள் ஏற்கெனவே இருந்து பார்த்துட்டேன், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொன்னேன்."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

விமானம் ஒரு வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே வக்கீல் தன் கையால் ஒரு கடிதம் எழுதி வகுப்பு ஆசிரியையிடம் நீட்டினாள். அதில் இப்படி இருந்தது:

'என் அம்மா மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கிறார். அவரைப் பத்திரமாக விமானம் ஏற்றிவிடும் பொறுப்பு எனக்கு இருப்பதால், ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

ஆசிரியை இரண்டு முறை படித்தார். "அண்ணனுக்குப் பதிலா அம்மான்னு எழுதிட்டியா?"

"எனக்கு அண்ணனே இல்ல டீச்சர். அம்மாதான் காலேஜுக்குப் போறாங்க."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

ஆசிரியை கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை மடித்தார். பேனாவை மூடப் போனவர், அப்படியே நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"விண்ணப்பம் எல்லாம் எப்படிப் போடறதுன்னு," என்றார் குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க அம்மா கிளம்பறதுக்குள்ள கொஞ்சம் கேட்டுட்டு வர்றியா?"