பாசறைச் சுவரில் ஓர் ஏணி

ஆண்குலத்தின் வீழ்ச்சி ஏணியடியில்தான் தொடங்கியது என்பது அவன் ஆராய்ந்து கண்ட முடிவு. மேலே ஒருத்தி ஏறுவாள். கீழே ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்பான். அத்தோடு ஆள் காலி. கல்லூரி கேன்டீனில் இதை அறிவித்தபோது ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘லத்தீன்’. படிப்பதும் அதுதான்.

அன்று மாலை அருங்காட்சியகத்தில் புதுக்கூடம் திறப்பு. ரோமானியப் படையை வரைந்திருந்த சுவருக்கு லத்தீனில் தலைப்புச் சொல் கொடுத்தவன் அவன். இயக்குநர் அவன் அப்பா. சுவரைப் பார்க்க வந்த அவனுடைய வெள்ளைச் சட்டையில் சொட்டென்று ஒரு கறுப்புத் துளி...

“கண்ணு தெரியாதா?”

“தெரியும் சார். ஏணிக்கு அடியில நடந்தது நீங்க.”

நிமிர்ந்தான். ஏணி மேல் தூரிகையோடு ஒருத்தி, சுவரில் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தாள். மழை பெய்யும் ஜன்னலின் வெளிச்சமெல்லாம் அந்தக் கண்களுக்குள்... திட்ட வந்தது மறந்தே போயிற்று.

அப்போதுதான் அவள் தலைக்கு மேலிருந்த சொல்லைப் பார்த்தான். காஸ்ட்ரும். கீழே வரிசையாகக் கூடாரங்கள். ஐயோ, அந்த ஒருமைச் சொல்லுக்குக் கோட்டை என்றல்லவா பொருள்! படை தங்கும் பாசறை, ஒன்றே ஒன்றானாலும், லத்தீனில் பன்மைதான்... காஸ்ட்ரா. ‘ஒரு பாசறைதானே’ என்று ஒருமையில் சொன்ன மகாபண்டிதன் அவனேதான்.

அகராதியும் கையுமாக அப்பா நுழைந்தார்.

“கூடத்தைத் திறந்துவைக்கப் பேராசிரியர் வர்ற நேரத்துல தப்பா இருக்கே! யாரும்மா எழுதுனது?”

“உங்க பையன் சொல்லி அனுப்புன எழுத்துதான் சார்...”

“என் பையன் தப்பா சொல்லமாட்டான். இறங்கும்மா. நாளையிலேர்ந்து வரவேணாம்.”

அவள் தூரிகையை வைத்துவிட்டு இறங்கத் தொடங்கினாள். அந்தப் பையன் இவன்தான் என்று அவளுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்... மானம் தப்பிவிடும். அவள் போய்விடுவாள்... அந்தக் கண்களும்.

“அப்பா... தப்பு என்னுது. அவங்க நான் சொன்னதைத்தான் எழுதியிருக்காங்க.”

அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். “லத்தீன் லத்தீன்னு வீட்டையே ரெண்டாக்குனியேடா! நீ இரும்மா, சீக்கிரம் சரி பண்ணு.” போய்விட்டார்.

“அந்த அதிமேதாவி நீங்கதானா?”

“கடைசி ரெண்டு எழுத்தை அழிச்சிட்டு ஒண்ணு போட்டா போதும்...”

“சட்டைக் கறைக்கு சாரி.”

“இருக்கட்டும். துவைக்கமாட்டேன்.”

அவள் சட்டென்று திரும்பினாள்.

“ஏனாம்?”

“நாளைக்கும் வரணும்போல இருக்கு... சுவரைப் பாக்க இல்ல. உங்கள.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினாள். பளிங்குத் தரையில் ஏணி லேசாக வழுக்கியது.

லத்தீன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு சத்தம் காட்டாமல், இரண்டு கைகளாலும், ஏணியைப் பிடித்துக்கொண்டான்.