விற்கப்பட்ட முரடன்

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தவள் முன்னறைக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். துணிகள் கையிலிருந்து நழுவின.

முரடனைக் காணவில்லை.

கம்ப்யூட்டரில் ஆடும் கால்பந்து விளையாட்டில் அவள் ஓர் அணியின் பயிற்சியாளர். முரடன் அந்த அணிக்குக் கோல் அடிப்பவன்; பெயர் அவள் வைத்தது. கடைசிப் பிரிவில் உதை வாங்கிக் கிடந்த அணியை, வேலை முடிந்து வரும் மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்திக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்திருந்தாள். எதிரணிக்குப் பயிற்சியாளர் அவள் கணவன். ஒரே கம்ப்யூட்டர், மாறி மாறி உட்காருவார்கள். இறுதி ஆட்டம் அன்று இரவு.

‘உங்கள் சம்மதத்துடன் வீரர் விற்கப்பட்டார்’ என்றது திரை.

“யாரு இதைத் தொட்டது?”

கேட்ட குரலில், உள்ளறையில் படுத்திருந்த அவள் அக்கா எழுந்து வந்தாள். அக்கா போலீஸ் அதிகாரி. திருட்டு வழக்குகள் பார்ப்பவள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள், சாப்பிட்ட களைப்பில் கண்ணயர்ந்திருந்தாள்.

“ஒரு விளையாட்டுக்கா இப்படிக் கத்துற?”

“விளையாட்டு இல்லக்கா.” தங்கை கதவைச் சாத்தினாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. வேறு ஊரில், கூடத்துக்கே தலைமை. போகிறேன் என்றாள் அவள். போகாதே என்றான் கணவன். பேசிப் பேசி அலுத்து, இறுதி ஆட்டத்தில் ஜெயிப்பவர் சொல்வதே முடிவு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் தூக்கம் போய்விட்டது.

“மாடிக்குப் போறப்போ திரையில என்ன இருந்தது?”

“ரெண்டு கடிதம். ஒரு கிளப் முரடனைக் கேட்டிருந்தது. இன்னொரு கிளப் சுவரைக் கேட்டிருந்தது. சுவர்னா என் கோல்கீப்பர். ரெண்டுலயும் சம்மதம், மறுப்புன்னு பட்டன் இருக்கும். வந்து மறுக்கலாம்னு விட்டுட்டுப் போனேன்.”

“சுவரோட கடிதம் இப்போ?”

“அப்படியே இருக்கு.”

“வித்ததைத் திருப்ப முடியாதா?”

“முடியாது. யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு நாங்களே அப்படி அமைச்சு வெச்சோம்.”

வீட்டில் மற்றபடி மூன்று பேர். அக்கா முதலில் கணவனைக் கூப்பிட்டாள். அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவன். நகக்கண்ணில் எப்போதும் மை.

“மாப்பிள்ளை, உங்க மேலதான் முதல் சந்தேகம்.”

“தெரியும் அண்ணி. ஜெயிக்கணும்னு வெறி இருக்கு. திருடி ஜெயிச்சா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

“இவ அணி அவ்வளவு பலமா?”

“அரையிறுதியைப் பக்கத்துல நின்னு பார்த்தேனே. முரடன் பாதியில சிவப்பு அட்டை வாங்கிட்டு வெளியே போயிட்டான். மீதிப் பத்து பேரை வெச்சே ஜெயிச்சா. அந்தச் சுவர் ஒரு பந்தையும் உள்ளே விடல.”

அடுத்து அவனுடைய தம்பி, வேன் டிரைவர்.

“உங்க அண்ணி போயிட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“அண்ணனும் பின்னாலயே போயிடுவான். அப்பாவை நான் ஒருத்தனே பார்த்துக்கணும்.”

“அப்போ நீங்க வித்திருக்கலாம்.”

“நானா? சிவப்பு அட்டை காட்டினப்போ விசில் அடிச்சேன்கா, ஒத்துக்கிறேன். அண்ணி ரெண்டு நாள் என்கூடப் பேசல. அதுக்கு மேல எனக்குத் தைரியம் கிடையாது.”

கடைசியாக மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேப்பரை மடிக்காமலே பதில் சொன்னார்.

“அந்தப் பெட்டியில என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாதும்மா. சாப்பிடுறப்போ எல்லாம் முரடன் முரடன்னு பேசுவாங்க. அது காதுல விழும்.”

“அரையிறுதி பார்க்கலையா மாமா?”

“அன்னைக்குக் கண் ஆஸ்பத்திரியில இருந்தேன். வந்ததும் படுத்துட்டேன்.”

அக்கா எல்லோரையும் முன்னறையில் உட்கார வைத்தாள்.

“எனக்குக் கால்பந்து தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சிவப்பு அட்டை வாங்கினவன் அடுத்த ஆட்டம் ஆடலாமா?”

“ஆடக் கூடாது,” என்ற கணவன், சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஆத்திரத்துல எனக்கே தோணலையே.”

“ஆமா. முரடன் இன்னைக்கு எப்படியும் வெளியேதான் உட்கார்ந்திருப்பான். அவனை வித்தது உன்னைத் தோற்கடிக்கவே தோற்கடிக்காது. கெடுக்கணும்னா சுவரை வித்திருக்கணும். அந்தக் கடிதமும் திரையில இருந்தது, தொடல. அரையிறுதி பார்த்தவங்க யாரும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. மாப்பிள்ளை பார்த்தார். தம்பி விசில் அடிச்சார். பார்க்காதவங்க, முரடன்தான் பெரிய ஆளுன்னு சாப்பாட்டு மேஜையில மட்டும் கேட்டவங்க, இந்த வீட்டுல ஒருத்தர்தான்.”

மாமனார் இப்போது பேப்பரை மடித்தார்.

“நான்தான். என்ன இப்போ? பெண்டாட்டி ஒரு ஊரு, புருஷன் ஒரு ஊருன்னு குடும்பம் சிதறுறதைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? மறுபடி வாய்ப்பு கிடைச்சாலும் அழுத்துவேன்.”

“அப்பா,” என்று கணவன் எழுந்தான். “சரி, ஆட்டமே வேண்டாம். ரத்து பண்ணிடலாம்.”

“எதுக்கு ரத்து பண்ணணும்?” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இப்பவே ஆடுவோம். ஆனா பந்தயம் கிடையாது. என் வேலையைப் பந்தயமா வைக்க நான் ஒத்துக்கிட்டதே தப்பு. நல்லா கேட்டுக்குங்க மாமா. ஜெயிச்சாலும் போறேன், தோத்தாலும் போறேன். வர்றவங்க வரலாம். நீங்களும் வரலாம்.”

கணவன் இன்னொரு நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டான்.

ஆட்டம் தொடங்கியது. சுவர் மூன்று முறை பாய்ந்து தடுத்தான். நான்காவது பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கணவன் கை தட்டவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். முடிந்தது.

“தோத்துட்டியேம்மா,” என்றார் மாமனார். குரலில் நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

“தோத்துட்டேன் மாமா.”

அவள் விளையாட்டை மூடினாள். அதே கம்ப்யூட்டரில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அடிக்கத் தொடங்கினாள். நான்கே வரி. அக்கா சத்தம் போடாமல் தரையில் கிடந்த துணிகளை மடித்தாள்.

கணவன் பின்னால் வந்து நின்று படித்தான். வெகு நேரம் படித்தான்.

“‘ஏற்றுக்கொள்கிறேன்’ல ‘க்’ விட்டுப்போச்சு,” என்றான்.

அவள் திருத்தினாள். அனுப்பினாள்.